மட்டுக்குறியும் ஓர் இடது கையும்

எங்கள் வட்டாரத்துக் கணித ஆசிரியர்கள் மலர் ஒன்று போடுகிறார்களாம். இரண்டு இளம் ஆசிரியர்கள் வீடு தேடி வந்து, "சார், ஒங்க சர்வீஸ்ல மறக்க முடியாத அனுபவம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "ஒண்ணு போதுமா தம்பி? நான் வேணா நெறையச் சொல்றேன், எல்லாம் இவுக அசடு வழிஞ்ச கதைதான்" என்றாள். மலர்க்குழுவுக்கு நல்ல ஆலோசகர் கிடைத்துவிட்டார் என்று வந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவர்களில் ஒருவர் இப்போதைய நுழைவுத் தேர்வு வினாத்தாள் ஒன்றைக் காட்டினார். |x − 3| > 5 என்று ஒரு கணக்கு. கீழே நான்கு விடைகள். சரியான விடையின் வட்டத்தைக் கறுப்பாக்கினால் வேலை முடிந்தது.

"கணக்கே போட வேணாம் சார்" என்றார். "x-க்குப் பத்துன்னு போட்டுப் பாருங்க, ரெண்டு விடை அடிபட்டுரும். மைனஸ் பத்துன்னு போடுங்க, இன்னொண்ணும் போயிரும். மிச்சம் நிக்கிறதுதான் விடை. அரை நிமிஷம்!"

நான் வாயைப் பிளந்தேன். அரை நிமிஷமா? இதே கணக்கில் நான் ஒரு முழு வகுப்பு நேரம் வேர்த்து நின்றிருக்கிறேன். அதுவும் நான்கு விடைகளில் ஒன்றாகச் சேர்க்கக்கூடத் தகுதியில்லாத ஓர் ஐந்தாவது விடையைக் கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, ஓர் அதிகாரியின் முன்னால் நின்றேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்தேன். முதலாவது இணைப்பைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். இரண்டாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்னவாசல் பக்கம் சில வருஷம், கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு பள்ளியில் சில வருஷம். இடையில் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அங்கே மனோதத்துவம், கல்வி வரலாறு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். என் மண்டையில் தங்கியது இரண்டுதான்: பலகையில் கோணாமல் எழுதுவது, சாக்குக் கட்டியைப் பாதியாக உடைத்தால் கிறீச்சிடாது என்பது. என் கணித ஞானத்தைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். நானும் ஒத்துக்கொள்வேன்.

பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்காத ஒரு வித்தையும் அந்த நாளில் ஊருக்கு ஊர் இருந்தது. அதிகாரி ஆய்வுக்கு வரும்போது வகுப்பில் எல்லோரும் கை தூக்கவேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. பார்க்கிறவருக்குக் கதிர் நிறைந்த வயல் மாதிரி இருக்கும். ஆசிரியர் மட்டும் வலது கைகளாகப் பொறுக்கி எழுப்புவார். "ஆகா, என்ன வகுப்பு!" என்று அதிகாரி எழுதிவிட்டுப் போவார். எல்லா அதிகாரிகளும் ஒரு காலத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள்தாம். அது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அறுபதுகளின் நடுவில் திருமயத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரம் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், பழைய மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். தலைமையாசிரியர் வேதமூர்த்தி. ஒல்லியான மனிதர். எதற்கும் ஒரே பதில்தான்: "பார்ப்போம்." லீவு கேட்டால் பார்ப்போம். கூரை ஒழுகுகிறது என்றால் பார்ப்போம். அவருக்குப் பேரன் பிறந்த அன்று, "பேரனாமே சார், சந்தோஷம்" என்று நான் சொன்னதற்கும் பழக்கதோஷத்தில் "பார்ப்போம்" என்றார். தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வந்து ஜன்னலோரம் நிற்பார். நாம் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயம்.

அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் "பார்ப்போம்" சொல்லாமல் அலைந்தார். எங்கள் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சிறப்புக் கணிதப் பிரிவு வேண்டும் என்பது அது. ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமாகத் தொடங்க விட்டார்கள். வருஷ முடிவுக்குள் அதிகாரி வந்து பார்த்து, சரி என்றால் நிலைக்கும். இல்லையென்றால் பிள்ளைகள் புதுக்கோட்டை டவுனுக்குப் பஸ் ஏறவேண்டியதுதான்.

பையன்கள் ஏறிவிடுவார்கள். ஜுலைகா ஏறமாட்டாள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜமால் ராவுத்தரின் மகள் அவள். சிறப்புக் கணிதம் எடுத்த ஒரே பெண். அவளைச் சேர்க்க வந்த அன்றே ராவுத்தர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பள்ளிக்கூடம் நடந்து போற தூரம். அதனால அனுப்புறேன். டவுனுக்குப் பஸ்ல போகணும்னு வந்தா, படிப்பை நிப்பாட்டிருவேன்."

"அப்படி ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன் நான், ஏதோ கல்வித்துறையே என் சட்டைப்பையில் இருக்கிற மாதிரி.

அந்த வருஷம் பாடத்திட்டத்தில் புதிதாக மட்டு அசமன்பாடு வந்தது. 'சமம்' குறிக்குப் பதில் 'பெரிது', 'சிறிது' குறி போட்ட கணக்கு அசமன்பாடு. ஓர் எண்ணுக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கோடு போட்டால் அது மட்டுக்குறி. உள்ளே போன எண் பிளஸோ மைனஸோ, வெளியே வரும்போது அளவு மட்டும்தான் வரும். பொதுத்தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்று பேச்சு. பாடநூலில் இருந்த விளக்கத்தை நான் படித்துச் சொன்னேன். வகுப்பு என்னைப் பார்த்தது. நான் பாடநூலைப் பார்த்தேன். நமணசமுத்திரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற சொக்கலிங்கம் எழுந்து, "சார், இதுக்கு என்னங்க சார் அர்த்தம்?" என்றான்.

"அதான் சொன்னேனே!"

"சொன்னீங்க சார். அர்த்தம் என்னங்க சார்?"

சொக்கலிங்கம் எதையும் புரியாமல் புரிந்ததாகச் சொல்லமாட்டான். ஆசிரியர்களுக்குப் பிடிக்காத குணம். அன்று சாயங்காலம் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே மைல் கல் கண்ணில் பட்டது. மறுநாள் பலகையில் ஒரு நீளக் கோடு போட்டேன். "இது நம்ம ரோடு. பள்ளிக்கூட வாசல்தான் பூஜ்யம். புதுக்கோட்டைப் பக்கம் பிளஸ், காரைக்குடிப் பக்கம் மைனஸ். மூணாம் கல்லுல பஸ் பஞ்சராகி நிக்குது. |x − 3| அப்படின்னா, நீ அந்தப் பஸ்ஸுலேருந்து எத்தனை மைல்ல இருக்கேன்னு அர்த்தம். அங்கிட்டா இங்கிட்டாங்கிறது கெடையாது, தூரம் மட்டும்தான்."

"அப்ப அஞ்சை விடச் சின்னதுன்னா?" என்றாள் ஜுலைகா.

"அஞ்சு மைலுக்குள்ள இருக்கிற ஆள் எல்லாம். மைனஸ் ரெண்டுலேருந்து எட்டு வரைக்கும். ஒரே கூட்டம். பஸ்ஸைத் தள்ள ஓடி வந்துருவாங்க."

"அஞ்சை விடப் பெருசுன்னா?" இது சொக்கலிங்கம்.

"அதெல்லாம் தூரத்து ஆளுக. எட்டாம் கல்லுக்கு அங்கிட்டு ஒரு கூட்டம், காரைக்குடிப் பக்கம் ரெண்டு மைலுக்கு அங்கிட்டு ஒரு கூட்டம். ரெண்டும் தனித்தனி. ஒண்ணாச் சேர்த்து எட்டு < x < மைனஸ் ரெண்டுன்னு எழுதினா என்ன ஆகும்? ஒரே ஆள் எட்டாம் கல்லுக்கு வடக்கேயும் நிக்கணும், நமக்குத் தெக்கேயும் நிக்கணும். தேர்தல்ல நிக்கிறவங்களால மட்டும்தான் அது முடியும்."

வகுப்பு சிரித்தது. சிரித்தால் புரிந்துவிட்டது என்பது என் கணக்கு. இருந்தாலும் பரீட்சைத் தாளில் பாதிப் பேர் அந்த இரண்டு கூட்டத்தையும் கட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தவறாக எழுதியவனை நான் "வேட்பாளரே" என்று கூப்பிடுவேன். ஒரு மாதம் வகுப்பில் வேட்பாளர்கள் குறையவில்லை.

ஆய்வு நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் நடந்த ஏற்பாடுகளைச் சொல்லவேண்டும். அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசினோம். கை பட்டால் ஒட்டுகிற அளவுக்குக் கறுப்பு. எண்கோட்டை ஸ்கேல் வைத்து முன்கூட்டியே வரைந்தோம். சாக்குக் கட்டிகளை நானே உட்கார்ந்து பாதி பாதியாக உடைத்தேன். கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு, கை தூக்கும் பயிற்சி. "தெரிஞ்சா வலது. தெரியலைன்னா இடது. எல்லாரும் தூக்கணும். புரிஞ்சுதா?" வகுப்பு முழுக்க வலது கை தூக்கியது. என் சர்வீஸிலேயே நான் கற்பித்த எதுவும் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரம் வேதமூர்த்தி, கையில் செருப்போடு. நான் டஸ்டரைத் தேடுகிறவன் மாதிரி குனிந்தேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடி, "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

காலையில் அதிகாரியை அழைத்துவர பியூனைக் குடையோடு பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினோம். அவர் மிடுக்காக இறங்கிய ஒருவரைக் கூட்டிவந்தார். தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து, சந்தனம் கொடுத்து, காபியும் கொடுத்த பிறகு அவர் பையைத் திறந்து தையல் மிஷின் படமும் விலையும் காட்டினார். அதற்குள் அசல் அதிகாரி தனியாக நடந்து வந்து, பானைத் தண்ணீரைத் தானே மொண்டு குடித்துவிட்டு, என் வகுப்பின் கடைசி பெஞ்சில் பையன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார். குட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வேதமூர்த்தி விஷயம் தெரிந்து ஓடி வந்து வாசலில் நின்றார். செருப்பு காலில் இருந்ததா கையில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் இருந்திருக்காது.

"ஆரம்பிங்க சார்" என்றார் அதிகாரி. "கேள்வியை நீங்க கேளுங்க. யாரு பதில் சொல்லணும்னு நான் சொல்றேன்."

என் திட்டம் அங்கேயே பஞ்சரானது. இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் இப்படிச் சொன்னதில்லை. வலது கை, இடது கை ஏற்பாடெல்லாம் ஆளை நான் பொறுக்கினால்தானே?

யோசிக்க நேரம் வேண்டும். அதனால் கேள்வியே கேட்காமல், "முதல்ல ஒரு மாதிரிக் கணக்கு நானே போடுறேன்" என்று பலகைப் பக்கம் திரும்பினேன். |x − 3| > 5. வாய் பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போனது, கை எழுதிக்கொண்டே போனது. மனசு மட்டும் கடைசி பெஞ்சில் இருந்தது. ஓரக்கண்ணால் அதிகாரி முகத்தைப் பார்த்தபடியே கடைசி வரியை எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டேன்.

8 < x < −2.

பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் பார்த்திருந்தால் கையெழுத்துக்கு முழு மார்க் கொடுத்திருப்பார்.

வகுப்பில் ஒரு சலசலப்பு. ஜுலைகாவின் இடது கை விறைப்பாக மேலே போனது. நான் பார்த்தேன். இடது கை. தெரியாதவள். பாவம், பயத்தில் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வேறு பக்கம் திரும்பினேன். கை கீழே இறங்கவில்லை. ஆடியது. நான் தூசி தட்டினேன், டஸ்டரை மடித்தேன், சாக்குக் கட்டியை இன்னும் ஒருமுறை உடைத்தேன்.

"சார், அந்தப் பொண்ணு ரொம்ப நேரமாக் கையத் தூக்கிக்கிட்டு இருக்கே" என்றார் அதிகாரி. "என்னம்மா?"

ஜுலைகா எழுந்தாள். "சார்... சார் எழுதியிருக்கிறது தப்புங்க சார்."

வாசலில் வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படிம்மா தப்பு?"

"எட்டை விடப் பெருசாவும், மைனஸ் ரெண்டை விடச் சின்னதாவும் ஒரே எண்ணு எப்படிங்க சார் இருக்கும்? ஒரே ஆளு எட்டாம் கல்லுக்கு அங்கிட்டும் நிக்கணும், காரைக்குடிப் பக்கமும் நிக்கணும். ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியாத்தான் எழுதணும். x எட்டை விடப் பெருசு, அல்லது x மைனஸ் ரெண்டை விடச் சின்னது."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: "சார் வேட்பாளர் ஆயிட்டாருடா."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அதிகாரிக்கு வேட்பாளர் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. கடைசி பெஞ்ச் அவருக்கு ஒரே குரலில் சொல்லியது. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புக் கோடு அசைந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"நல்லாச் சொன்னேம்மா" என்றார் அவர். "ஆனா இவ்வளவு தெரிஞ்ச பொண்ணைப் பாத்தும் சார் ஏன் திரும்பிக்கிட்டாரு?"

ஜுலைகாவுக்குப் பொய் சொல்ல வராது. "அது என் தப்புங்க சார். தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை தூக்கணும்னு சார் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குச் சின்னதுலேருந்து இடது கைதான் வரும். எழுதுறது மட்டும் அடிச்சு மாத்திட்டாங்க. அவசரத்துல மறந்துட்டேங்க சார்."

ஒரு வருஷம் அவள் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள். வலது கையால் எழுதுவதைப் பார்த்தேன். மிச்சமெல்லாம் இடது கைதான் என்பதை நான் கவனித்ததேயில்லை. பிரிவு போச்சு என்று நினைத்தேன். ஜவுளிக்கடை வாசலில் நின்று ராவுத்தரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். வேதமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். என் விடையை அழித்தார். ஊமத்தைக் கறுப்பு அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. பலகையில் |2x − 1| > 7 என்று எழுதினார்.

"இப்ப சார் சொன்ன சட்டம் கெடையாது. தெரிஞ்சா எந்தக் கையை வேணும்னாலும் தூக்குங்க. தெரியலைன்னா ரெண்டு கையும் கீழ இருக்கட்டும். தப்பு ஒண்ணுமில்ல."

முதலில் எந்தக் கையும் எழவில்லை. பிறகு ஜுலைகா. பிறகு இரண்டு மூன்று பேர். அப்புறம், நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. சொக்கலிங்கம் கை தூக்கினான், மறுபடியும் அர்த்தம் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"நீ சொல்லு தம்பி" என்றார் அதிகாரி, ஜுலைகாவை விட்டுவிட்டு. யார் தடுமாறுவான் என்று கண்டுபிடிக்க அவருக்கும் கண் இருக்கிறதே.

நான் ஜன்னல் வழியாகத் திருமயம் கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டேன்.

சொக்கலிங்கம் பலகைக்கு வந்தான். சாக்கைக் கையில் உருட்டினான். "சார், இதுல வண்டி எங்க நிக்குதுன்னு தெரியலைங்க சார். x-க்கு முன்னாடி ரெண்டு நிக்குது. அதைக் கழட்டிரவா?"

"கழட்டு."

"எல்லாத்தையும் பாதியாக்கிட்டா, |x − ½| > 3½. இப்பத் தெரியுது சார். அரை மைல்ல வண்டி நிக்குது. மூணரை மைலுக்கு அங்கிட்டு இருக்கிற ஆளுக." எண்கோட்டில் விரலை வைத்து நகர்த்தினான். "இங்கிட்டு நாலாம் கல்லைத் தாண்டி ஒரு கூட்டம். அங்கிட்டு மூணு மைலைத் தாண்டி ஒரு கூட்டம். x நாலை விடப் பெருசு, அல்லது மைனஸ் மூணை விடச் சின்னது." எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். "சேத்து எழுதலைங்க சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், பாதியாக்கி வண்டியைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கே அதுவரை தோன்றியதில்லை. நான் இரண்டு பக்கமாகப் பிரித்து, நீளமாகத்தான் போடுவேன்.

"இதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அதிகாரி.

"யாரும் இல்லைங்க சார். தெனம் பஸ்ல வர்றப்ப கல்லை எண்ணிக்கிட்டே வருவேன்."

அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். சட்டைக் கையிலிருந்த கறுப்பைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மதியம் அவரைப் பஸ் ஏற்ற நானும் தலைமையாசிரியரும் போனோம். வழி நெடுக அதிகாரியின் சட்டைக் கையிலிருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பஸ் வந்தது. அவர் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பிரிவு இருக்கட்டும் சார். வாத்தியார் தப்பைக் கண்டுபிடிக்கிற புள்ளையும், வாத்தியாருக்குத் தெரியாத வழியில போடுற புள்ளையும் ஒரே வகுப்புல இருக்காங்க. வேற என்ன வேணும்?" பிறகு என் பக்கம் குனிந்தார். "நான் வாத்தியாரா இருந்தப்ப எங்க ஊர்ல இடது, வலது இல்லை. தெரியாதவன் விரலை மடக்கித் தூக்கணும். போகட்டும். அடுத்த தடவை கையையும் அந்த ரெண்டு கோட்டுக்குள்ள போட்டுருங்க. இடதா வலதான்னு பாக்காதீங்க."

பஸ் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். "சார், பிரிவு நிலைச்சிருச்சு" என்றேன்.

"பார்ப்போம்" என்றார் வேதமூர்த்தி. ஆனால் திரும்பி வரும் வழியில் கடைவீதிப் பக்கம் ஒதுங்கி, ஜவுளிக்கடைக்குள் போய் ராவுத்தரிடம் தானே சொல்லிவிட்டு வந்தார். ராவுத்தர் எங்கள் இருவருக்கும் சர்பத் வரவழைத்தார். அன்று காலை தையல் மிஷின்காரர் குடித்த காபியைவிட அது எனக்கு ருசித்தது.

அந்த வருஷப் பொதுத்தேர்வில் மட்டு அசமன்பாடு வந்தது. என் பிள்ளைகளில் ஒருவர்கூட வேட்பாளர் ஆகவில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்த சொக்கலிங்கம், "வண்டி மைனஸ் நாலுல நின்னுச்சு சார், நம்ம பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போயிருச்சு" என்றான். ஜுலைகா அதைக் கேட்டுச் சிரித்தபடி, இடது கையை அசைத்து எனக்கு விடைபெற்றுவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் ஆசிரியர் கூட்டம். சிறப்புக் கணிதப் பிரிவு நிலையாகிவிட்டது, இந்த வருஷம் பிள்ளைகள் அதிகம் சேர்ந்திருக்கிறார்கள் என்று வேதமூர்த்தி சொன்னார். "சனிக்கிழமையும் வகுப்பு வைக்கவேண்டியிருக்கு. யாரு எடுக்கிறீங்க?"

தமிழாசிரியர், சரித்திர ஆசிரியர், டிரில் மாஸ்டர் உட்பட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். அத்தனையும் இடது கை.

அறை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, சரணாகதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பார்த்துட்டேன்" என்றார்.